நான் சாக்ரிஃபைஸ் பண்ணிய மூன்று முயல்கள்

அடையாறில் ஒரு மாடி வீட்டில் எனக்கு முயல் பிடிக்கும் வேலை கிடைத்தது. பிடிப்பது என்றால் காட்டில் துரத்திப் பிடிப்பது இல்லை. மேஜைமேல் வைத்து அசையாமல் பிடித்துக்கொள்வது. இதை வெளியே சொல்ல எனக்கு வெட்கம். யாராவது கேட்டால் "மருந்து லைன்" என்பேன். அதையும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன்.

அது ஒரு சின்ன லேப். தி.நகர்க் கம்பெனிகள் புதிதாகப் போடும் ஷாம்பு, கிரீம், தைலம் எல்லாம் கடைக்குப் போவதற்கு முன்னால் அங்கே வரும். நடத்தியவர் ஒரு மேடம். நிறையப் படித்தவர், அதிர்ந்து பேசாதவர். அவருக்குக் கீழே டெக்னீஷியன் ஒருவன், சிந்தாதிரிப்பேட்டைக்காரன். ஊசி போடுவது, எழுதி வைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. கூண்டு கழுவுவது, கீரை நறுக்குவது, பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே பெரிய உத்தியோகமாக இருந்தது.

நான் சேர்ந்து சில மாதங்களில் ஒரு மூலிகைத் தைலம் வந்தது. முடி வளர்வதற்காம். மூன்று வெள்ளை முயல்களுக்கு முதுகில் கொஞ்சம் முடியை மழித்து அதைத் தடவினோம். தலையில் தேய்ப்பது கண்ணில் வழியும் அல்லவா, அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணில் மட்டும் ஒரு சொட்டு. அந்தக் கண் சிவந்துவிடும். இன்னொரு கண் பளபளவென்று இருக்கும். கீரை வைக்கும்போது நான் நல்ல கண் இருக்கும் பக்கமாகப் போய் வைப்பேன். சிவந்த கண்ணால் என்னைப் பார்க்க வேண்டாம் என்று.

எதற்காக முயலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று டெக்னீஷியனிடம் கேட்டேன்.

"அதுக்குக் கண்ணுல தண்ணி கம்மி மச்சி. வுட்ட மருந்து வுட்ட எடத்துலயே நிக்கும். கத்தவும் கத்தாது. நம்மள மாதிரி கூவிக்கினு இருந்தா எவன் இத்தப் புடிச்சாருவான்?"

மேடமிடமும் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, பாவமில்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"பாவம்தான். ஆனா ஒரு குழந்தை கண்ணுல இது பட்டுப் பார்வை போச்சுன்னா? அதுக்கு முன்னாடியே யாராவது தெரிஞ்சுக்கணும் இல்லையா?"

குழந்தையையும் நினைத்துப் பார்த்தேன், முயலையும் பார்த்தேன். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நியாயம் ஒரு பக்கமாக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேடம் பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பினார். படியில் இறங்கிக்கொண்டே, "நாளைக்கு அவன் வந்ததும் மூணையும் சாக்ரிஃபைஸ் பண்ணிடச் சொல்லு. மத்ததெல்லாம் அவனுக்குத் தெரியும். திங்கக்கிழமை வந்து நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் அவன் வரவில்லை. போன்தான் வந்தது.

"மச்சி, எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து பேசறேன். வேலூர்ல கீறேன். பெரிம்மா பொண்ணுக்குக் கல்யாணம். மேடம் இன்னா சொல்லிச்சு?"

"மூணையும் சாக்ரிஃ..." என்று நான் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது.

அவன் இல்லாவிட்டால் என்ன, நாமே செய்துவிட்டால் மேடம் மெச்சுவார் என்று தோன்றியது. ஆனால் என்ன செய்வது? சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. முன்பு வேலை முடிந்த எலிகளைப் பற்றிக் கேட்டபோது, "ஊருக்கு அனுப்பிச்சிட்டேன் மச்சி" என்று அவன் சொல்லியிருந்தான். இதுவும் அப்படி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்க எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. சாந்தோமில் மாதா கோவிலுக்கு எதிரே மெழுகுவர்த்திக் கடை வைத்திருந்த பெண். அடையாறிலிருந்து மயிலாப்பூரில் என் அறைக்குப் போக சாந்தோம் சுற்று வழி. ஆனாலும் கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தினமும் அந்த வழியாகத்தான் சைக்கிள் மிதிப்பேன். காற்று வாங்குகிறவன் கூடவே மெழுகுவர்த்தியும் வாங்குவேன். கரண்ட் போனால் எங்கள் சந்துக்கே வெளிச்சம் கொடுக்கும் அளவுக்கு என் அறையில் மெழுகுவர்த்தி சேர்ந்திருந்தது. அதுவரை அவளிடம் நான் பேசிய மொத்தப் பேச்சு "ஒண்ணு குடுங்க", "சில்லறை இருக்கு" அவ்வளவுதான். அவள் என்னை "அண்ணா" என்பாள். அதைக் கேட்டால் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்காது.

அன்று கேட்டேன். "சாக்ரிஃபைஸ்னா என்னங்க?"

அவள் சிரித்தாள். "இன்னாண்ணா, இது தெரியாதா? இப்போ ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம் நடக்குதுல்ல. நான் காபிய சாக்ரிஃபைஸ் பண்ணிக்கினு கீறேன். எங்க அப்பா பீடிய. பண்ணிட்டேன்னு சொல்லிக்கினு பின்னாடி போய்க் குடிக்குது, அது வேற."

"அப்போ... விட்டுடறதா?"

"சும்மா வுட்டா பத்தாது. சாமியார் சொல்லுவாரு, நமக்குப் புடிச்சத வுடணும், வுட்டத இல்லாதவங்களுக்குக் குடுக்கணும். அதான் சாக்ரிஃபைஸு."

என் மனசில் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. வேலை முடிந்த முயல்களை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும்! எவ்வளவு நல்ல வழக்கம்! மேடம் மேல் எனக்கு அதுவரை இருந்த சின்ன மனத்தாங்கலும் பறந்துவிட்டது. படித்தவர்கள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபடி சைக்கிளில் பறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறிக் கூடையில் மூன்றையும் உட்கார வைத்து, ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டு கிளம்பினேன். துணி விலகி நீளமாக ஒரு காது வெளியே வரும். அடையாறு பாலத்தில் பஸ் ஜன்னலெல்லாம் என் கூடையைத்தான் பார்த்தது. மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருந்த கைக்கு, விடப்போகிறோம் என்றால் எப்படி இருக்கும்! கூச்சப்படுகிற நான் அன்று வழியெல்லாம் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

முதல் முயல் எங்கள் சந்து முனையில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமிக்கு. பாட்டுப் படிக்கும் பெண்கள் வீட்டுக்குப் போனதும் அவர் தனியாகப் பாடிக்கொண்டிருப்பார். கேட்க ஆள் இல்லாதவர். "எனக்கா? எங்காத்துல எதுக்குடாப்பா முயல்?" என்றவர், அது மடியில் ஏறியதும், "காதைப் பாரேன், பாட்டு கேக்கறதுக்குன்னே பண்ணி வெச்சாப்ல" என்றார். இரண்டாவது டெக்னீஷியன் வீட்டுக்கு. ஒரே அறையில் ஆறு பேர். இல்லாதவர்கள் என்றால் அவர்களைவிட யார்? அவன் ஊரில் இல்லை. அவன் மனைவி, "அந்த ஆளு கூப்ட கொரலுக்கு வராது, இதுனாச்சும் வருமா?" என்று வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவதற்கு நான் இல்லாதவர்களைத் தேடவில்லை. நேராக மெழுகுவர்த்திக் கடைக்குப் போனேன்.

"எனக்கா?" என்றாள். முயலை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "உனக்கு ரொம்பப் புடிச்சதா இது?" என்றாள்.

அண்ணா இல்லை! உனக்கு! சைக்கிளை எடுக்க மறந்து மயிலாப்பூர் வரை நடந்தே போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனேன்.

திங்கள்கிழமை காலையில் மேடமும் டெக்னீஷியனும் ஒரே நேரத்தில் வந்தார்கள். அவன் வேலூரிலிருந்து நேராக வந்திருந்தான், கல்யாணச் சட்டையோடு. கூண்டுகள் காலியாக, பளபளவென்று கழுவி இருந்தன.

"பண்ணிட்டியாடா?" என்றார் மேடம் அவனிடம்.

"நான் இப்பதானே வரேன் மேடம்."

"நான் பண்ணிட்டேன் மேடம்" என்றேன், வாழ்க்கையில் முதல் முறையாகத் தலை நிமிர்ந்து. "மூணையும்."

மேடமுக்கு ஆச்சரியம். "நீயா? கல்லீரல் எல்லாம் எடுத்து வெச்சியா?"

"எல்லாத்தோடயும்தான் மேடம் குடுத்தேன்."

"யார்கிட்ட?"

சொன்னேன். மாமி, சிந்தாதிரிப்பேட்டை, சாந்தோம். டெக்னீஷியன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சாக்ரிஃபைஸ்னா என்னன்னு நெனச்ச?"

"புடிச்சத விட்டுட்டு இல்லாதவங்களுக்குக் குடுக்கறது மேடம். இல்லையா?"

"இல்லப்பா. இங்க அதுக்கு... அதாவது, ஒரு மருந்து குடுத்து... வலி தெரியாம... தூங்க வெச்சு..."

"தூங்கினப்புறம்?"

"அப்புறம்... எழுந்திருக்காம..."

"சாவடிக்கறதுய்யா!" என்று கத்தினான் டெக்னீஷியன். "அத்தத் தமிழ்ல சொல்றதுக்கு இன்னா மேடம் இவ்ளோ பேஜாரு?"

நான் அவன் பக்கம் திரும்பினேன். "அப்போ எலியெல்லாம் ஊருக்கு அனுப்பினேன்னு சொன்னது?"

அவன் சிரிப்பு நின்றது. "உன் மூஞ்சியப் பாத்துக்கினு வேற இன்னா மச்சி சொல்றது?"

மேடம் எழுந்தார். தைலம் தோல் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறதா என்று கல்லீரலைப் பார்த்துத்தான் கம்பெனிக்கு எழுதித் தர வேண்டும். "இன்னிக்குள்ள மூணும் திரும்பி வரணும். வரலைன்னா புதுசா மூணு வாங்கி, முதல்லேர்ந்து முதுகு, கண்ணு எல்லாம் பண்ணணும். நீ இதைக் காப்பாத்தினா அது மாட்டும். புரியுதா?"

புரிந்தது. அந்தப் புது மூன்றும் எங்கேயோ ஒரு கூண்டில் இரண்டு கண்ணும் நன்றாக இருக்க, கீரை தின்றுகொண்டிருக்கும். நான் கொடுத்த மூன்றும் ஒவ்வொரு வீட்டில் தின்றுகொண்டிருக்கும். எதற்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

மத்தியானம் மற்ற வேலைகளை முடித்துக்கொண்டு மேடம் ஊசிப் பையை எடுத்துக்கொண்டார். ஓர் ஆட்டோவில் மேடம், டெக்னீஷியன், மூன்று காலிக் கூண்டுகள். எனக்கு டிரைவர் சீட்டில் பாதி. வளைவுகளில் அந்தப் பாதியிலும் பாதி வெளியே.

முதலில் சிந்தாதிரிப்பேட்டை. வீட்டு வாசலில் புருஷனைப் பார்த்து, கூண்டைப் பார்த்து, மேடமைப் பார்த்து, டெக்னீஷியன் மனைவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"முயலா? நேத்தே பிரியாணி போட்டுத் துன்னுட்டோம்மா."

"எனக்கு வெக்காமயா?" என்றான் அவன், நிஜமாகவே வருத்தப்பட்டு.

"நீ கல்யாண வூட்டுல துன்னுக்கினு கெடந்த. உனக்கு இன்னா கேடு?"

அப்போது அறையின் மூலையில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினிய அண்டா 'டொம்' என்றது. முயல் பயந்தால் பின்னங்காலால் தரையை ஓங்கி அடிக்கும். அண்டாவின் ஓரத்தில் அடித்தால் தவில் மாதிரி கேட்கும். 'டொம். டொம்.'

"அது... பூனை" என்றாள் அவள்.

"பூனைய எதுக்குடி அண்டாவுல வெச்ச?"

"இன்னிக்குப் பிரியாணிக்கு!"

ஆட்டோ டிரைவர் வாசலில் உட்கார்ந்து சிரித்தார். டெக்னீஷியன் அண்டாவைத் தூக்கினான். எத்தனையோ எலியையும் முயலையும் முடித்தவன் அவன். உள்ளே இருந்தது அவனை நல்ல கண்ணால் பார்த்தது. காதில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அவன் அண்டாவைத் திரும்ப மெல்லக் கவிழ்த்தான்.

"பூனைதான் மேடம்" என்றான்.

மேடம் நேராகப் போய் ஆட்டோவில் ஏறினார். ஆனால் பாலம் தாண்டும்போது அவர் தோள் குலுங்கியதை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

மயிலாப்பூரில் மாமி எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். முயல் தம்பூராவின் பக்கத்தில் படுத்திருந்தது. அதற்கு ஒரு ராகத்தின் பெயரை வைத்திருந்தார்.

"நேத்து முழுக்கப் பாட்டைக் கேட்டுண்டே இருந்தது. நடுவுல எழுந்து போகலை. என்கிட்ட படிக்கற பொண்களுக்கு அந்தப் பொறுமை இல்லை."

மேடம் விஷயத்தைச் சொன்னார். கல்லீரல் என்ற வார்த்தை வந்ததும் மாமி முயலைப் புடவைத் தலைப்பால் மூடினார்.

"தலைல தேய்ச்சுக்கற தைலத்துக்கு இதோட கல்லீரலாடி வேணும்? வழுக்கை விழுந்தவா எல்லாம் வழுக்கையாவே இருந்துட்டுப் போகட்டும்!"

"தைலத்தை விடுங்கோ மாமி. நீங்க சக்கரைக்கு மாத்திரை சாப்பிடறேள் இல்லையா? அதோ ஷெல்ஃப்ல இருக்கே. அதுவும் முதல்ல இந்த மாதிரி ஏதோ ஒரு ஜீவனுக்குக் குடுத்துப் பார்த்ததுதான்."

மேடமுக்கும் அந்த வீட்டுப் பாஷை தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மாமி ஷெல்ஃபைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். மோர் டம்ளரைக் கீழே வைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"மாத்திரையை நிறுத்தினா நான் போய்டுவேன்" என்றார் மாமி. "இதைக் குடுத்தா இது போய்டும். நான் மாத்திரையும் முழுங்குவேன், இதையும் குடுக்க மாட்டேன். தப்புன்னா தப்பாவே இருக்கட்டும். இன்னொரு டம்ளர் மோர் தரட்டுமா?"

மேடம் இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தார். கூண்டு காலியாகவே ஆட்டோவுக்குத் திரும்பியது.

சாந்தோம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கடையில் மெழுகுவர்த்திக் கட்டுகளுக்கு நடுவே, அட்டைப் பெட்டியில் முயல் உட்கார்ந்திருந்தது. முயலின் நிறமும் மெழுகின் நிறமும் ஒன்று. ஒரு பாட்டியம்மா அதையும் விலை கேட்டுவிட்டுப் போனார்களாம்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவளிடம் நான் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான். பாதி முழுங்கி, பாதி சொல்லி முடித்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ நான் தப்பு அர்த்தம் சொல்லிட்டேனா?" என்று மேடமைக் கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் மேடம். "நானும் கான்வென்ட்டுல படிச்சவதான். நீ சொன்னதுதான் சரியான அர்த்தம். நாங்கதான் அந்த வார்த்தையை வேற எதுக்கோ வெச்சுண்டிருக்கோம்."

"சாக்ரிஃபைஸ் பண்றவங்கதானே எதையாவது வுடணும்? இங்க முயலுதான் எல்லாத்தையும் வுடுது. கண்ணு, முதுகு, இப்போ உசிரு." அவள் சண்டைக்குப் பேசவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நீங்க இன்னா வுட்டீங்க மேடம்?"

டெக்னீஷியன் தெருவைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன். இந்தப் பெண் கெடுத்துவிட்டாள், மேடம் இப்போது பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன். மேடம் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அப்போது வந்தது. பூனை, பிரியாணி, வழுக்கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெழுகுவர்த்தி வாங்க வந்தவர்களும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரத்தத்தைப் பார்த்தாலே கல்லீரல் எப்படி இருக்குன்னு முக்கால்வாசி தெரிஞ்சுடும்" என்றார். "உள்ள அறுத்துப் பார்த்தா மிச்சக் கால்வாசியும் தெரியும். அந்தக் கால்வாசியை நான் விட்டுடறேன். போதுமா?"

"கம்பெனி ஒத்துக்குமா மேடம்?" என்றான் டெக்னீஷியன்.

"ஒத்துக்க மாட்டான். வேற லேபுக்குத் தூக்கிண்டு போவான்."

"அங்க?" என்றேன் நான்.

"அங்க வேற மூணு" என்றார் மேடம். "அதுக்கு என்கிட்ட பதில் இல்லப்பா. இங்க இருக்கற மூணுக்கு இருக்கு. பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். முயலின் காதில் ரத்தக் குழாய் மெல்லியதாக ஓடும். பின்னாலிருந்து வெளிச்சம் காட்டினால்தான் தெரியும். லேபில் அதற்கு ஒரு விளக்கு உண்டு. இங்கே அவள் பெரிய மெழுகுவர்த்தியாக ஒன்றைப் பொறுக்கி, ஏற்றி, காதுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். காது முழுக்க ரோஜா நிறத்தில் எரிவது போலத் தெரிந்தது. நடுவே சிவப்பாக ஒரு கோடு.

"சுட்டுடப் போகுது" என்றேன்.

"நீ ஒழுங்காப் புடி" என்றாள்.

கடற்காற்றில் சுடர் ஆட, அவள் இன்னொரு கையால் மறைத்தாள். அந்தக் கை என் கையில் பட்டது. முயல் நடுங்கியதா, நான் நடுங்கினேனா என்று மேடமுக்குக் குழப்பம் வந்திருக்கும். "ரெண்டு பேரும் அசையாதீங்கோ" என்றார். ஒரு நிமிஷத்தில் மேடம் கையிலிருந்த சின்னக் கண்ணாடிக் குழாய் நிறைந்தது. பஞ்சை வைத்து அழுத்தி, முயலைப் பெட்டிக்குள் விட்டேன். அது காதை ஒரு உதறு உதறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கீரையைத் தின்னத் தொடங்கியது.

"மத்த ரெண்டுக்கும் இப்போவே எடுத்துடணும்" என்று மேடம் எழுந்தார். "மயிலாப்பூர், அப்புறம் சிந்தாதிரிப்பேட்டை."

"திரும்பவுமா!" என்று ஆட்டோ டிரைவர் தலையில் கை வைத்தார். ஆனால் வண்டியைத் திருப்பி நிறுத்தியவரும் அவர்தான்.

"வெளிச்சத்துக்கு?" என்றான் டெக்னீஷியன்.

அவள் அப்பாவைக் கூப்பிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பின்பக்கத்திலிருந்து பீடி வாசனையோடு அவர் வந்தார். ஒரு கட்டு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு அவள் மேடம் பக்கத்தில் ஏறிவிட்டாள். காலிக் கூண்டுகளைப் பின்னால் கட்டினோம். நான் டிரைவர் சீட்டில், பாதிக்கும் குறைவான இடத்தில், ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

சில வாரங்களில் கம்பெனி தைலத்தை வேறு இடத்துக்கு எடுத்துப் போனது. அந்த வேறு மூன்று முயல்களை எந்த ஊரில் எவன் பிடித்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்காவது யாராவது அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லியிருப்பார்களா என்று இப்போதும் யோசிப்பேன். ஆனால் அன்று ராத்திரி அதை யோசிக்கவில்லை. ஆட்டோ கச்சேரி ரோட்டில் திரும்பியபோது பின்னால் கூண்டுகள் கடகடவென்று ஆடின, மேடம் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார், அவளும் சேர்ந்துகொண்டாள். டிரைவர் என்னைப் பார்த்து, "என் சட்டையை வுட்டுட்டுக் கம்பியைப் புடிய்யா" என்றார்.